நின்ற இடத்தில் நெடுநடை: மெய்நிகர் உலகக் கருவிகள் குறித்து வாசகர் கேள்விகள்

கண்ணை மறைத்து, கணினி உருவாக்கும் உலகைக் காட்டும் மெய்நிகர் உண்மை ஹெட்செட்டுகள் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதை ஒட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைத்தான் தொட்டன. கண் முன்னே எல்லையில்லாத ஓர் உலகம் விரிகிறது, ஆனால் காலடியில் இருப்பதோ பத்துக்குப் பத்து அறை. அந்த உலகத்தில் இயல்பாக நடந்து திரிய என்ன வழி, அதற்கான கருவிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்டிருந்தவர்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

எங்கள் வீட்டில் உடற்பயிற்சி டிரெட்மில் இருக்கிறது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அதன் மீது நடந்தால் போதாதா?
– வாசகர், திருச்சி

ஒரே திசையில், மாறாத வேகத்தில் நடப்பதாக இருந்தால் போதும். டிரெட்மில்லின் பெல்ட் சீரான வேகத்தில் ஓடும்வரை, அதன் மீது நடப்பதற்கும் தரையில் நடப்பதற்கும் இயக்கவியல் அடிப்படையில் வேறுபாடு இல்லை. முகத்தில் காற்று படுவதில்லை என்பது ஒன்றுதான் குறை. ஆனால் மெய்நிகர் உலகில் எவரும் அப்படி நடப்பதில்லை. நாம் இரண்டடி வைத்து நிற்கிறோம், திரும்பிப் பார்க்கிறோம், பக்கவாட்டில் ஒதுங்குகிறோம், திடீரென்று விரைகிறோம். உங்கள் வீட்டு டிரெட்மில்லில் வேகத்தை முடிவு செய்வது இயந்திரம், நீங்கள் அதற்கு இணங்கி நடக்கிறீர்கள். மெய்நிகர் நடைக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான ஏற்பாடு: நடப்பவர் முடிவு செய்ய வேண்டும், இயந்திரம் பின்தொடர வேண்டும். இந்த ஒரு மாற்றத்துக்காகத்தான் ஆய்வாளர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்து வருகிறார்கள்.

ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. ஹெட்செட் அணிந்தவருக்குக் கைப்பிடியும் பெல்ட்டின் விளிம்பும் தெரியாது. தயவுசெய்து வீட்டில் இதை முயன்று பார்க்க வேண்டாம்.

எல்லாத் திசைகளிலும் ஓடக்கூடிய டிரெட்மில் இருப்பதாகப் படித்தேன். அது எப்படி இயங்குகிறது? ஏன் இன்னும் வீடுகளுக்கு வரவில்லை?
– வாசகி, பெங்களூரு

இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தத் துறையின் மையச் சிக்கல் உங்கள் இரண்டாவது கேள்வியில் அடங்கியிருக்கிறது.

முதலில் இயங்கும் விதம். அமெரிக்க இராணுவத்தின் காலாட்படைப் பயிற்சிக்காக உருவாக்கப்பட்டு, 1997-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்த கருவியில், ஒன்றுக்குள் ஒன்றாக, ஒன்றுக்கொன்று குறுக்கான திசைகளில் ஓடும் இரண்டு பெல்ட்டுகள் இருந்தன. மேல் பெல்ட் முழுவதும் சிறு ரோலர்களால் ஆனது. அது முன்பின்னாக ஓட, அடியில் இருக்கும் பெல்ட் அந்த ரோலர்களைச் சுழற்றி, நிற்பவரைப் பக்கவாட்டில் நகர்த்தும். ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் ஹிரோ இவாடா 1999-இல் வெளியிட்ட வடிவம் வேறு. அவர் 12 சிறு டிரெட்மில்களை அருகருகே வைத்து, அவை அனைத்தையும் ஒரு பெரிய வளையமாகக் கோத்தார். ஒவ்வொரு டிரெட்மில்லும் ஒரு திசையில் ஓடும்; மொத்த வளையமும் அதற்குக் குறுக்குத் திசையில் சுற்றும். இரு வேகங்களையும் வேண்டிய அளவில் கலந்தால் எந்தத் திசையும் கிடைத்துவிடும். அதில் நடப்பதற்கு இருந்த இடம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு 2005 முதல் 2008 வரை நடந்த சைபர்வாக் திட்டமும் இதே தத்துவத்தைத்தான் பெரிய அளவில் கையாண்டது. ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் நிறுவப்பட்ட அந்த மேடையின் நடைப்பரப்பு சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர். எடை 10 டன்னுக்கும் மேல்.

ஒரு மனிதர் நடப்பதற்கு 10 டன் இரும்பு எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

நீங்கள் விநாடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில், அதாவது சாதாரண நடைவேகத்தில், பெல்ட்டின் மீது நடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் அதே வேகத்தில் பின்னோக்கி ஓடுவதால் அறையைப் பொறுத்தவரை நீங்கள் நகரவில்லை. இப்போது திடீரென்று நின்றுவிடுகிறீர்கள். மனிதரால் ஓரிரு அடிகளுக்குள் நின்றுவிட முடியும். ஆனால் பெல்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, உங்களைப் பின்னால் இழுத்துச் செல்கிறது. பெல்ட்டை உடனே நிறுத்தினால் நீங்கள் விழுந்துவிடுவீர்கள். ஆகவே மெதுவாகத்தான் நிறுத்த வேண்டும். அதன் வேகத்தை விநாடிக்கு அரை மீட்டர் வீதம் குறைத்தால், முழுவதும் நிற்க 2.8 விநாடி ஆகும். அதற்குள் நீங்கள் ஏறக்குறைய 2 மீட்டர் பின்னே போயிருப்பீர்கள். நின்றுகொண்டிருக்கும் அந்த 2.8 விநாடியும் 60 கிலோ எடையுள்ள உடலின் மீது சுமார் 30 நியூட்டன் விசை, அதாவது 3 கிலோ எடைக்கு ஈடான இழுப்பு, இருந்துகொண்டே இருக்கும். இடத்தைச் சேமிக்க விரும்பிக் குறைப்பு வீதத்தை இரு மடங்காக்கினால் பின்னே போகும் தூரம் ஒரு மீட்டராகக் குறையும், ஆனால் இழுப்பு 6 கிலோவுக்கு ஈடாகிவிடும். கண்ணை மூடிய நிலையில் நிற்பவருக்கு அது சிறிய விசையன்று. முன்னே 2 மீட்டர், பின்னே 2 மீட்டர் என்று வைத்தால் 4 மீட்டர் வந்துவிடுகிறது. சைபர்வாக் மேடை அந்த அளவில் அமைந்ததில் வியப்பில்லை. முதலில் சொன்ன 1997-ஆம் ஆண்டுக் கருவியிலும், நடப்பவரை மையத்துக்குத் திருப்பும் இழுப்பு அவரைத் தடுமாறச் செய்வதுதான் பெரிய தொல்லையாக இருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இழுப்பே இல்லாமல் பெல்ட் உங்களை அறையின் நடுவில் துல்லியமாக நிறுத்தி வைத்துவிட்டது என்று கற்பனை செய்யுங்கள். அப்போது நீங்கள் புறப்படும்போது உடல் முன்னோக்கி முடுக்கப்படுவதே இல்லை. காட்சி விரைகிறது, உடலின் முடுக்கத்தை உணரும் உட்செவிக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. இந்தக் குறையை ஈடுசெய்ய யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் ஹாலர்பாக் குழுவினர் தங்கள் டிரெட்போர்ட் கருவியில் இடுப்போடு ஓர் இயந்திரக் கையை இணைத்தார்கள். நடப்பவர் வேகம் எடுக்கும்போது அது பின்னோக்கி இழுத்து, தரையில் ஓடத் தொடங்கும்போது நம் நிலைமம் தரும் எதிர்ப்பை ஓரளவு திரும்பத் தருகிறது. சைபர்வாக் குழுவினர் தேர்ந்தெடுத்த வழி இன்னும் நேரடியானது. நடப்பவரை முதல் சில அடிகள் உண்மையாகவே முன்னே செல்ல விட்டுவிட்டு, பிறகு அவர் அறியாத அளவுக்கு மெல்லிய முடுக்கத்தில் மையத்துக்குக் கொண்டுவருவது. எனக்கு இதுவே சரியான அணுகுமுறையாகப் படுகிறது. ஆனால் அதற்கு விலையாக இடத்தைக் கொடுக்க வேண்டும். மேடை எவ்வளவு சிறியதோ நடை அவ்வளவு இயல்பற்றது என்ற கணக்கிலிருந்து இதுவரை எந்தப் பெல்ட் கருவியும் முழுமையாகத் தப்பவில்லை.

அமெரிக்காவில் இன்ஃபினாடெக் என்ற நிறுவனம் இதே வகைக் கருவியை ஓரளவு அடக்கமான வடிவில் தயாரிக்கிறது. 2018-இல் வெளிவந்த ‘ரெடி பிளேயர் ஒன்’ திரைப்படத்தில் அதைப் பார்த்திருக்கலாம். அதுவும் வீட்டுக் கூடத்துக்கு உரியதன்று.

மோட்டாரே இல்லாமல், வழுக்கும் கிண்ணம் போன்ற மேடையில் நடக்கும் கருவிகள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. விலையும் குறைவு. அவை இயல்பான நடையைத் தருமா?
– வாசகர், மதுரை

நீங்கள் குறிப்பிடும் வகையை மக்களிடம் கொண்டுசென்றது அமெரிக்காவின் வர்ச்சுவிக்ஸ் நிறுவனம். 2013-இல் அவர்களுடைய ஆம்னி கருவிக்குக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தின் வழியே 11 லட்சம் டாலருக்கு மேல் முன்பணம் திரண்டது. வியன்னாவின் சைபரித், சீனாவின் ஹாங்சோ நகரிலுள்ள கேட் வி.ஆர். ஆகிய நிறுவனங்களும் இதே வழியில் வந்தன. சரிவான அல்லது தட்டையான வழுக்குப் பரப்பு, அதற்கென்றே செய்த காலணி, இடுப்பைத் தாங்க ஒரு வளையம் அல்லது முதுகுத் தாங்கி, கால் அசைவை அளக்கும் சென்சார்கள் என்பவையே இவற்றின் உறுப்புகள். கிண்ண வடிவில் கால் தானாகப் பின்னே வழுக்க வேண்டுமானால் பரப்பின் உராய்வுக் குணகம் (அது காலை எவ்வளவு வழுக்காமல் பிடிக்கிறது என்பதன் அளவு) சரிவுக் கோணத்தின் டேன்ஜென்ட்டை விடக் குறைவாக இருக்க வேண்டும். 10 டிகிரிச் சரிவுக்கு அது 0.18-க்கும் கீழே. ஆனால் தரையில் தடுமாறாமல் நடப்பதற்கே நமக்கு 0.2 அளவு உராய்வு தேவைப்படுகிறது. எண்ணெய் சிந்திய தரையில் நடப்பதைத்தான் இந்தக் கருவி அடிப்படையாகக் கொண்டிருக்கிறது என்றால் மிகையாகாது.

உண்மையான நடையில் பின்னங்கால் தரையைப் பின்னோக்கி உந்த, தரை உடலை முன்னோக்கி உந்துகிறது. வழுக்குப் பரப்பில் அந்த எதிர்விசை கிடைப்பதில்லை. ஆகவே பயனர் இடுப்பு வளையத்தின் மீது முன்னோக்கிச் சாய்ந்து, காலைப் பின்னே இழுக்கக் கற்றுக்கொள்கிறார். பழகியவர்கள் அதில் நன்றாகவே விளையாடுகிறார்கள், உடற்பயிற்சியும் கிடைக்கிறது, முழு உடலோடு திரும்புவதும் எளிதாக இருக்கிறது. என் கருத்தில் அதை நடை என்று சொல்வதைவிட நடையைப் போன்ற புதிய திறன் என்று சொல்வது பொருந்தும். விளையாட்டுக்காக வாங்குவோர் ஏமாறமாட்டார்கள். மனிதரின் நடையை ஆராயவோ, தீ விபத்தின்போது மக்கள் எப்படி வெளியேறுவார்கள் என்று அளக்கவோ அதைப் பயன்படுத்தினால் கிடைக்கும் எண்களை நான் நம்பமாட்டேன்.

பாதி இயல்பான கருவி, முற்றிலும் செயற்கையான கருவியை விட மேலானது என்று எண்ணிவிடவும் கூடாது. சுமார் 3 மீட்டர் விட்டமுள்ள உள்ளீடற்ற கோளத்துக்குள் நின்று நடக்கும் வர்ச்சுஸ்ஃபியர் என்ற கருவியை, உண்மையான நடையோடும் சாதாரண கேம்பேடோடும் ஒப்பிட்டு வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் 2015-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குறித்த பாதையில் செல்வதில் கோளம்தான் கடைசி இடம் பெற்றது. கட்டைவிரலால் தள்ளும் கேம்பேட் அதை முந்தியது. கோளத்துக்கென்று ஒரு நிறை இருக்கிறது. அதை உருட்டத் தொடங்கவும் நிறுத்தவும் பயனர்தான் தன் உடலால் பாடுபட வேண்டும். நடைக்கருவியை வாங்க நினைப்பவர்கள் கடையில் பத்து அடி நடந்து பார்த்துவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். சட்டென்று நின்று பாருங்கள், நடந்துகொண்டே திரும்பிப் பாருங்கள், ஓரடி பின்வாங்கிப் பாருங்கள்.

நடக்கும் கருவி இருந்தால் தலைச்சுற்றல் வராது என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, யாழ்ப்பாணம்

குறையும், முற்றிலும் நீங்கிவிடாது. உட்செவியிலுள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியையும், அருகிலுள்ள ஓட்டோலித் உறுப்புகள் நேர்கோட்டு முடுக்கத்தையும் உணர்கின்றன. சீரான வேகத்தை இவை உணர்வதே இல்லை. அதனால்தான் நேராக, ஒரே வேகத்தில் நகரும் காட்சி அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. காட்சி வேகமெடுக்கும்போதும், வளையும்போதும், தலையைத் திருப்பாமல் உலகம் மட்டும் திரும்பும்போதும்தான் குமட்டல் தொடங்குகிறது. நடைக்கருவியில் உடலோடு சேர்ந்து நீங்களே திரும்புவதால் கடைசிக் காரணம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. புறப்படுவதிலும் நிற்பதிலும் உள்ள முரண் தங்கிவிடுகிறது.

கருவியே இல்லாமல், வெறும் அறையில் மனிதரை வட்டமாக நடக்க வைத்து, நேராக நடப்பதாக நம்பச் செய்ய முடியும் என்று கேள்விப்பட்டேன். சாத்தியமா?
– வாசகர், சிங்கப்பூர்

சாத்தியம். அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஷரீஃப் ரசாக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2001-இல் இந்த உத்தியை வெளியிட்டார்கள். நீங்கள் நடக்கும்போது ஹெட்செட் காட்சியை மிக மெதுவாகச் சுழற்றினால், நீங்கள் அறியாமலே அதைச் சரிசெய்துகொண்டு வளைந்து நடப்பீர்கள். எவ்வளவு ஏமாற்றலாம் என்பதை ஜெர்மனியில் ஃபிராங்க் ஸ்டைனிக்கே குழுவினர் அளந்து 2010-இல் வெளியிட்டனர். மெய்நிகர் உலகில் காணும் திருப்பத்தை விட 49 சதவீதம் அதிகமாகவோ 20 சதவீதம் குறைவாகவோ உடல் திரும்பினாலும் வேறுபாடு தெரிவதில்லை. தூரத்தை 14 சதவீதம் சுருக்கலாம், 26 சதவீதம் நீட்டலாம். ஆனால் நேராக நடப்பதாக நம்பிக்கொண்டே வளைந்து நடக்க, அந்த வட்டத்தின் ஆரம் 22 மீட்டராவது இருக்க வேண்டும். அதாவது 44 மீட்டர் அகலமுள்ள கூடம். திருமண மண்டபங்களில்கூட அந்த அளவு அரிது.

பிற்பாடு வந்தவர்கள் இந்த எல்லையைச் சுருக்க முயன்று வருகிறார்கள். கண் ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் கணத்தில் நமக்குப் பார்வை ஏறக்குறைய இல்லை. அந்தக் கணங்களைக் கண் கண்காணிப்புச் சென்சாரால் பிடித்து, அப்போது மட்டும் காட்சியைத் திருப்பும் முறை 2018-இல் வெளிவந்தது.

இந்த ஏமாற்று இவ்வளவு எளிதாகப் பலிப்பதற்குக் காரணம், மனிதருக்கு நேராக நடக்கும் திறமையே குறைவு என்பதுதான். சைபர்வாக் மேடை இருந்த அதே டூபிங்கன் நிறுவனத்தைச் சேர்ந்த யான் சௌமனும் மற்றவர்களும் ஜெர்மன் காட்டிலும் சகாராப் பாலைவனத்திலும் மக்களை நடக்கவிட்டு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சூரியன் தெரிந்தவரை அவர்கள் நேராகச் சென்றார்கள். மேகம் மூடிய நாளில் காட்டுக்குள் நடந்தவர்கள் வட்டமிட்டு, தாம் வந்த பாதையையே அறியாமல் குறுக்கிட்டார்கள்.

மோட்டார் பொருத்திய காலணி, நகரும் தரை ஓடுகள் என்றெல்லாம் செய்திகள் வருகின்றனவே?
– வாசகர், சேலம்

இரண்டுமே இவாடாவின் ஆய்வகத்தில் 2000-களிலேயே செய்து பார்க்கப்பட்டவை. நான்கு ஓடுகள், நடப்பவரின் அடுத்த அடிக்குக் கீழே ஓடிவந்து நின்று, பின்னே கொண்டுசென்று, மீண்டும் முன்னே வந்து சேரும் அவருடைய சர்க்குலாஃப்ளோர் பார்க்க அழகான கருவி, ஆனால் மிக மெதுவாக நடப்பவருக்குத்தான் அது ஈடுகொடுக்கும். மோட்டார் காலணியில் ஒவ்வோர் அடிக்கும் மோட்டாரின் எடையையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருப்பது தொல்லை. 2024 ஜனவரியில் டிஸ்னி நிறுவனம் காட்டிய ஹோலோடைல், லானி ஸ்மூட் என்பவரின் கண்டுபிடிப்பு, சிறு சிறு சுழலும் வட்டுகளால் ஆன தரை. ஒரே தரையில் பலர் வெவ்வேறு திசைகளில் நடக்கலாம் என்பது இதன் தனிச்சிறப்பு. பெல்ட் கருவிகளால் அது ஆகாது.

பொறியியல் இறுதியாண்டுத் திட்டமாக ஒரு நடைக்கருவி செய்ய விரும்புகிறோம். எங்களிடம் பணம் குறைவு. எங்கே தொடங்கலாம்?
– மாணவி, கோயம்புத்தூர்

பெல்ட்டை விட்டுவிடுங்கள். நின்ற இடத்தில் கால் மாற்றி மிதிப்பதை நடையாக மாற்றும் கருவி உங்களுக்குப் பொருந்தும். லண்டனில் மெல் ஸ்லேட்டர் குழுவினர் 1990-களில் தொடங்கிவைத்த முறை அது. அவர்களின் 1999-ஆம் ஆண்டு ஒப்பீட்டில், மெய்நிகர் உலகில் தாம் இருப்பதாக உணர்வதில் நின்ற இடத்து நடை, பொத்தானை அழுத்திப் பறப்பதை விட மேலாக இருந்தது.

இரண்டு கணுக்கால்களிலும் ஒவ்வொரு முடுக்க, சுழற்சி சென்சார், இடுப்பில் மூன்றாவது ஒன்று, அவற்றைப் படிக்க இ.எஸ்.பி.32 என்ற சிறு கணிப்பலகை ஒன்று, இவை போதும். இடுப்புச் சென்சாரைத் தவிர்க்காதீர்கள். அது இல்லையென்றால் பார்க்கும் திசையில்தான் நடக்க முடியும். பக்கத்துக் கடையைப் பார்த்துக்கொண்டே நேராக நடப்பது இயலாமல் போகும். சுழற்சி சென்சாரின் திசைக் கணக்கு நேரம் ஆக ஆக விலகும். அதைக் காந்த சென்சாரால் திருத்தலாம் என்று பாடப்புத்தகம் சொல்லும், ஆனால் கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கும் கட்டடத்தில் காந்தத் திசை அடிக்கு அடி மாறும். ஹெட்செட்டின் திசையை அவ்வப்போது ஒப்பிட்டுத் திருத்துவதே நம்பகமானது.

உங்கள் நேரத்தில் பெரும்பகுதி நிறுத்துவதிலேயே செலவாகும். அடிக்கு அடி சுமார் அரை விநாடி ஆகிறது. அடுத்த அடி வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு நிறுத்தும் நிரல், அந்த அரை விநாடியில் உங்களை 0.7 மீட்டர் கூடுதலாகத் தள்ளிவிடும். மெய்நிகர் மேசைக்கு முன் நிற்க நினைத்தவர் மேசைக்குள் நிற்பார். அடிகளை எண்ணாமல், கீழ்க்காலின் சுழற்சி வேகத்தைத் தொடர்ச்சியாக நடை வேகமாக மாற்றினால், கால் தரையைத் தொட்டு அசைவற்று நிற்கும் கணத்திலேயே வேகம் குறையத் தொடங்கும். அதில் இரு அடிகளுக்கு இடையே காட்சி விட்டுவிட்டு நகராமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் திறமை.

கண்ணை மறைத்துக்கொண்டு நின்ற இடத்தில் மிதிப்பவர் தம்மை அறியாமல் முன்னே நகர்வார், திரும்பவும் செய்வார். மருத்துவர்கள் உட்செவியைச் சோதிக்கவே இந்த இயல்பைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே நடுவில் சற்றே உயர்ந்த விளிம்புள்ள ஒரு பாயைப் போட்டுவிடுங்கள், கால் தன் எல்லையைத் தானே உணரும். பயனரைச் சுற்றி இடுப்பளவில் ஒரு கம்பி வளையமும், சோதனையின்போது அருகில் ஒருவரும் கட்டாயம்.

திட்ட அறிக்கையில் வெறும் செயல்விளக்கத்தோடு நிறுத்தாமல், ஜாய்ஸ்டிக்கோடு ஒப்பிடுங்கள். ஒரே பாதையை முடிக்க ஆன நேரம், பாதையிலிருந்து விலகிய தூரம், நிற்க நினைத்த இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் உள்ள இடைவெளி, சோதனைக்கு முன்னும் பின்னும் குமட்டல் வினாத்தாள் ஆகியவற்றை அளந்தால், ஜாய்ஸ்டிக் வென்றாலும் அது நல்ல அறிக்கைதான்.

பக்கவாதத்துக்குப் பிறகு நடைப் பயிற்சி பெறுபவர்களுக்கு இவை உதவுமா?
– இயன்முறை மருத்துவர், திருநெல்வேலி

உங்கள் துறையில்தான் இந்தக் கருவிகள் ஏற்கெனவே பயன் தந்துகொண்டிருக்கின்றன. இவாடாவின் கெயிட்மாஸ்டர் கருவி, ஒவ்வொரு பாதத்துக்கும் தனித்தனியாக நகரும் மேடை கொண்டது, மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பயன்படுத்திப் பார்க்கப்பட்டது. நெதர்லாந்தின் மோட்டெக் நிறுவனம் இரு கால்களுக்கும் தனித்தனி பெல்ட் உள்ள டிரெட்மில்லைப் பெரிய திரையோடு இணைத்து மருத்துவமனைகளுக்கு வழங்குகிறது. நோயாளிக்கு எல்லாத் திசையும் தேவையில்லை, ஒரு திசை போதும் என்பதால் முன்னர் சொன்ன சிக்கல்களில் பாதி இங்கே எழுவதில்லை. மேலிருந்து தாங்கும் வார்ப்பட்டை இல்லாமல் தொடங்க வேண்டாம். தொடக்க நிலையில் ஹெட்செட்டை விடத் திரையே நல்லது, நோயாளி தம் பாதங்களைப் பார்க்க முடிய வேண்டும்.